கல் ஏறும் டெக்னிக் வண்டி: சத்தம், திணறல், தள்ளாட்டத்தை வைத்துப் பழுது கண்டுபிடிப்பது

லெகோ டெக்னிக் துண்டுகளால் கட்டிய ரிமோட் கிராலர், அதாவது கல் மேல் மெதுவாக ஏறும் வண்டி, தரையில் நன்றாக ஓடும். முதல் கல்லில் ஏற்றியதும்தான் அதன் கோளாறுகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். 2012-இல் வந்த 9398, 2019-இல் வந்த 42099 ஆகிய செட்டுகளுக்கும், சொந்தமாக வடிவமைத்து ஒன்றரை கிலோ எடை வரை கட்டும் வண்டிகளுக்கும் இந்த வழிமுறை பொருந்தும்.

கிராலரில் உடையும் பாகங்களில் பெரும்பாலானவை ஒரே தவறால்தான் உடைகின்றன: வேகத்தைக் குறைக்கும் கியர்களை மோட்டாருக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுவது. அங்கே குறைத்தால், பெருகிய முறுக்குவிசை முழுவதும் ஷாஃப்ட் (விசையைக் கடத்தும் தண்டு), யூனிவர்சல் ஜாயின்ட் (வளைந்தபடி சுழலும் இணைப்பு), பெவல் கியர் (செங்குத்தாகச் சந்திக்கும் சாய்ந்த பல் கியர்) எல்லாவற்றையும் கடந்து சக்கரத்துக்குப் போக வேண்டியிருக்கும். லெகோவின் பவர் ஃபங்ஷன்ஸ் வரிசையில் வந்த பெரிய எக்ஸ்எல் மோட்டார் ஒன்று 9 வோல்ட்டில் முழுவதும் தடைபட்டு நிற்கும்போது சுமார் 40 நியூட்டன்-செ.மீ. கொடுக்கும். இரண்டு போட்டால் 80. மோட்டாரை ஒட்டி 3:1 குறைத்தால் நடு ஷாஃப்ட்டில் 240. அதே 3:1 குறைப்பைச் சக்கரத்தின் மூட்டில் வைத்தால் ஷாஃப்ட்டில் 80-க்கு மேல் போகாது. சக்கரத்துக்குக் கிடைப்பது இரண்டிலும் ஒன்றுதான். சக்கர மூட்டுக்குள்ளேயே 8 பல், 24 பல் கியர்கள் கொண்ட போர்ட்டல் ஹப்பும், 42099-இல் வந்த 5.4:1 கோள்கியர் ஹப்பும் கிராலருக்கு அவ்வளவு பொருந்துவது இதனால்தான். கீழே பல இடங்களில் இந்தக் கணக்குக்கே திரும்பி வருவோம்.

எதைப் பிரிப்பதற்கு முன்பும் செய்ய வேண்டியது

மோட்டாருக்குள் நுழையும் அச்சை உருவிவிட்டு, வண்டியைத் தரையில் கையால் தள்ளிப் பாருங்கள். ஒரு விரலால் தள்ளினால் நகர வேண்டும். நகரவில்லை என்றால் பழுது மோட்டாரிலோ பேட்டரியிலோ இல்லை, உராய்வில் இருக்கிறது. பத்தில் எட்டு முறை காரணம், புஷ்ஷை (அச்சில் மாட்டும் சிறு வளையம்) அழுத்தி இறுக்கியதுதான். புஷ்ஷுக்கும் பீமுக்கும் (துளைகள் கொண்ட நீளத் துண்டு) நடுவே ஒரு தாள் நுழையும் இடைவெளி போதும். அச்சை விரலால் முன்னும் பின்னும் இழுத்தால் மயிரிழை அளவு அசைய வேண்டும்.

தூக்கிப் பிடித்தால் எளிதாகச் சுழல்கிறது, தரையில் வைத்தால் இறுகுகிறது என்றால் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் கியர் விகிதம் வேறாக இருக்கிறது. நடுவில் டிஃபரென்ஷியல் (இரு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் கியர் அமைப்பு) இல்லாமல் இரண்டையும் இணைத்திருந்தால் பல் எண்ணிக்கை இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். எண்ணிப் பாருங்கள்.

சுமை ஏறியதும் "டக் டக்" சத்தம்

கியர் பல் தாண்டும் சத்தம். எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்க, வண்டியைத் தூக்கி ஒரு சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொண்டு, ரிமோட்டில் மெதுவாக வேகத்தைக் கூட்டுங்கள். மற்றொருவர் ஒவ்வொரு கியர் இருக்கும் சட்டத்தின் மேலும் விரலை வைத்துப் பார்க்கட்டும். பல் தாண்டும் இடத்தில் பீம் துள்ளுவது விரலில் தெரியும். காதை மட்டும் நம்பினால் ஏமாந்துவிடுவீர்கள். சேஸிஸ் முழுவதும் சத்தத்தைக் கடத்தும்.

செங்குத்தாகச் சந்திக்கும் பெவல் கியர்கள்தான் முதல் சந்தேகம். சுமை வரும்போது அவை ஒன்றையொன்று விலக்கித் தள்ளும். 12 பல் பெவல் சிறியது, ஒரு நேரத்தில் மிகக் குறைந்த பல்லே பிடிக்கும். அதைத் தாங்கும் இரண்டு பீம்களும் பின்களால் மட்டும் பக்கவாட்டில் கோர்க்கப்பட்டிருந்தால் அரை மில்லிமீட்டர் விரிந்தாலே போதும், பல் தாண்டிவிடும். செய்ய வேண்டியவை:

கியர் ஜோடியை 5×7 அல்லது 5×11 மூடிய சட்டத்துக்குள் வையுங்கள். திறந்த பீம்களை எத்தனை பின் போட்டு இறுக்கினாலும் மூடிய சட்டத்தின் உறுதி வராது.

கியருக்குப் பின்னால் உள்ள காலி இடத்தைப் புஷ்ஷால் நிரப்புங்கள். அரை ஸ்டட் (ஒரு ஸ்டட் 8 மி.மீ.) இடைவெளி விட்டிருந்தால் கியர் அச்சின் மேலேயே பின்னுக்கு வழுக்கும். அரைப் புஷ் ஒன்று அங்கே கட்டாயம்.

விகிதம் 1:1 போதுமான இடத்தில் பெவலை எடுத்துவிட்டு நான்கு குமிழ் கொண்ட நாப் வீல் ஜோடியைப் போடுங்கள். சற்று அதிர்ந்து ஓடும், ஆனால் எளிதில் தாண்டாது.

வெள்ளை நிற 24 பல் கியர் எங்காவது இருக்கிறதா என்றும் பாருங்கள். அதன் மேல் 2.5·5.0 என்று பொறித்திருக்கும். அது சாதாரண கியர் இல்லை, 2.5 முதல் 5 நியூட்டன்-செ.மீ. வந்தால் வேண்டுமென்றே வழுக்கிவிடும் கிளட்ச். ஓட்டும் பாதையில் தவறிப் போட்டிருந்தால் வண்டி மேட்டில் நிற்கும், மோட்டார் மட்டும் சுழலும்.

மோட்டார் உறுமுகிறது, வண்டி நகரவில்லை

இரண்டு மோட்டாரை ஒரே ஷாஃப்ட்டில் இணைத்து, அவற்றை எதிரெதிராகப் பார்த்து வைத்திருந்தால் ஒன்று முன்னுக்கும் மற்றொன்று பின்னுக்கும் இழுக்கும். உடனே நிறுத்துங்கள், இந்த நிலையில் சில நொடி ஓடினாலே இடையிலுள்ள அச்சு முறுகும். ஒரு மோட்டாரின் ஒயரைக் கழற்றி மற்றதை மட்டும் ஓட்டி, வண்டி எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். பிறகு மாற்றி அதையே செய்யுங்கள். திசை வேறு என்றால், ரிசீவரின் (ரிமோட்டின் கட்டளையை வாங்கும் பெட்டி) தனித்தனி அவுட்புட்டில் இருந்தால் ரிமோட்டின் திசை மாற்றும் சிறு சுவிட்சையும், ஒரே அவுட்புட்டில் அடுக்கியிருந்தால் இடையில் ஒரு துருவ மாற்றுச் சுவிட்சையும் பயன்படுத்தலாம். புளூடூத் ஹப் (பேட்டரியும் ரிசீவரும் ஒன்றாக உள்ள பெட்டி) என்றால் செயலியின் நிரலில் அந்த மோட்டாரைத் தலைகீழாக்கலாம்.

ஒரு சக்கரம் காற்றில் சுழல்கிறது, மற்றவை அசையவில்லை

இது உடைசல் இல்லை. டிஃபரென்ஷியலின் இயல்பே அதுதான். இரண்டு பக்கத்துக்கும் சமமான முறுக்குவிசையையே அது கொடுக்கும். ஒரு சக்கரம் கல்லை விட்டுத் தூக்கிக்கொண்டால் அதைச் சுழற்ற ஏறக்குறைய விசையே வேண்டாம். எனவே தரையில் இருக்கும் மறு சக்கரத்துக்கும் அதே அற்ப விசைதான் கிடைக்கும். முன், நடு, பின் என்று மூன்று டிஃபரென்ஷியல் இருந்தால் ஒரே ஒரு சக்கரம் தூக்கினாலே வண்டி முழுவதும் நின்றுபோகும்.

கல் ஏறுவதற்கென்றே கட்டும் வண்டியில் டிஃபரென்ஷியல் வேண்டாம் என்பதே எங்கள் முடிவு. அதை எடுத்துவிட்டு, ஒரே அச்சைக் குறுக்கே விட்டு 20 பல் டபுள் பெவல் கியரைக் கோர்த்து, 12 பல் பினியனால் (ஓட்டும் சிறு கியர்) ஓட்டுங்கள். டிஃபரென்ஷியலின் பல் எண்ணிக்கை வேறு என்பதால் பினியனைக் கொஞ்சம் நகர்த்த வேண்டிவரும். முன்னிலும் பின்னிலும் ஒரே மாதிரி செய்யுங்கள். இதற்கு விலை உண்டு: திரும்பும் வட்டம் பெரிதாகும், வழவழப்பான தரையில் டயர் கிரீச்சிடும், திருப்பத்தில் ஜாயின்ட்டுகள் மேல் கூடுதல் சுமை விழும். டைல்ஸ் தரையில் ஓட்டிப் பார்த்துவிட்டு "இறுகுகிறதே" என்று மறுபடி பிரிக்காதீர்கள். மண்ணிலும் கல்லிலும் டயர் வழுக்கி அந்த இறுக்கத்தை விட்டுவிடும்.

யூனிவர்சல் ஜாயின்ட் உடைகிறது

கிராலர் கட்டுபவர்கள் அதிகம் வாங்கிச் சேர்க்கும் உதிரிபாகம் இது. உடைவதற்கு முன்பே அறிகுறி காட்டும். கவட்டையின் இரண்டு கைகளும் அடியோடு சேரும் மூலையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். அங்கே வெளிறிய கோடு ஒன்று தெரிந்தால் பிளாஸ்டிக் இழுபட்டுவிட்டது என்று பொருள். அடுத்த ஏற்றத்தில் போய்விடும். அப்போதே மாற்றுங்கள்.

காரணம் மூன்றில் ஒன்று. முதலாவது மேலே சொன்ன கணக்கு: ஜாயின்ட்டுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்துவிட்டீர்கள். குறைப்பை ஹப்புக்கு மாற்றுங்கள். அது முடியாவிட்டால் ஜாயின்ட்டுக்கும் சக்கரத்துக்கும் இடையிலாவது மாற்றுங்கள்.

இரண்டாவது கோணம். திருப்பும் சக்கரத்தில் ஜாயின்ட்டின் நடுப்புள்ளி, சக்கரம் திரும்பும் செங்குத்து அச்சின் மேல் சரியாக அமைய வேண்டும். அரை ஸ்டட் விலகினாலும் சக்கரம் திரும்பும்போதெல்லாம் ஜாயின்ட் இழுபடும் அல்லது நசுங்கும். சோதிக்க, சக்கரத்தை இடக்கோடி வரை திருப்பிக் கையால் சுழற்றுங்கள். ஒரு சுற்றில் இரண்டு முறை இறுகித் தளர்ந்தால் கோணம் அதிகம். திருப்பத்தை 30 டிகிரிக்குள் நிறுத்த ஒரு தடுப்பு வையுங்கள்.

மூன்றாவது, ஷாஃப்ட்டின் இரு முனையிலும் ஜாயின்ட் இருந்தால் உள்பக்கக் கவட்டைகள் இரண்டும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். 90 டிகிரி மாறிக் கோர்த்தால் ஒரு ஜாயின்ட் தரும் வேக ஏற்ற இறக்கத்தை மற்றது சமன் செய்வதற்குப் பதிலாக இரட்டிப்பாக்கிவிடும். பார்க்கச் சின்ன விஷயம், ஆனால் வண்டி மெதுவாகப் போகும்போது விம்மி விம்மி நகர்வதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஷாஃப்ட்டின் நீளத்தையும் பாருங்கள். சஸ்பென்ஷன் முழுதாக இறங்கும்போதும் ஏறும்போதும் ஷாஃப்ட் நீண்டு குறுகும். நழுவும் குண்டு ஜாயின்ட் போட்டிருந்தால் இரண்டு கோடியிலும் அது கிண்ணத்துக்குள்தான் இருக்கிறதா என்று கையால் அமுக்கிச் சரிபாருங்கள். கழன்று விழுவது எப்போதும் முழு இறக்கத்தில்தான்.

அச்சு முறுகிவிட்டது

நீள அச்சை எடுத்து ஒரு முனையிலிருந்து கண்ணை ஓட்டிப் பாருங்கள். கூட்டல் குறி வடிவிலுள்ள அதன் நான்கு வரப்புகளும் நேர்க்கோடாகப் போக வேண்டும். திருகாணி போல் சாய்ந்திருந்தால் அது மீளாது. முறுகிய அச்சு கியருக்குள் மாட்டிக்கொண்டு கழற்றவும் வராது. 8 ஸ்டட்டுக்கு மேல் நீளமான அச்சு முறுக்குவிசையைச் சுமக்கும்படி விடாதீர்கள். மோட்டாரைச் சக்கர அச்சுக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தால் நீள ஷாஃப்ட்டே தேவைப்படாது.

ஐந்து நிமிடம் ஓடிவிட்டு நின்றுபோகிறது, ஆறிய பிறகு மறுபடி ஓடுகிறது

சூடு ஏறினால் மின்னோட்டத்தைத் தடுக்கும் பாதுகாப்பு மோட்டாருக்குள்ளும் பேட்டரிப் பெட்டியிலும் இருக்கிறது. எது தடுத்தது என்று பார்க்க, நின்றவுடன் அந்த மோட்டாரை மட்டும் கழற்றி அதே இடத்தில் வேறொரு மோட்டாரைச் செருகுங்கள். புதியது ஓடினால் பழைய மோட்டார்தான் சூடாகியிருக்கிறது. புதியதும் ஓடவில்லை என்றால் பேட்டரிப் பெட்டி அல்லது ரிசீவர்.

எக்ஸ்எல்லை விடச் சிறிய எல் மோட்டார் தடைபட்டு நிற்கும்போது சுமார் 1.3 ஆம்பியர் இழுக்கும், எக்ஸ்எல் 1.8. இரண்டு எக்ஸ்எல்லும் ஒரே நேரத்தில் கல்லில் முட்டி நின்றால் 3.6 ஆம்பியர். பழைய ரிசீவருக்கு இது தாங்காது. மேலே வி2 என்று குறித்த பிந்தைய ரிசீவர் கூடுதல் மின்னோட்டம் தரும். ஒவ்வொரு மோட்டாருக்கும் தனி அவுட்புட் கொடுங்கள். ஏஏஏ பேட்டரிப் பெட்டி எடை குறைவுதான், ஆனால் இரண்டு எக்ஸ்எல்லுக்கு அது ஆகாது. ஆறு ஏஏ போடும் பெட்டியே சரி. அதில் சார்ஜ் செய்யும் நிக்கல் பேட்டரி போட்டால் வோல்ட் 9-க்குப் பதில் 7.2 தான் வரும், வேகம் குறையும். ஆனால் சுமை வரும்போது சாதாரண அல்கலைன் செல்லைப் போல் அது படுத்துவிடாது. கிராலருக்கு அது நல்ல மாற்று.

மீண்டும் மீண்டும் சூடானால் கியர் விகிதம் போதவில்லை என்று அர்த்தம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றரை கிலோ வண்டி 45 டிகிரி சரிவில் நிற்க ஏறத்தாழ 10.4 நியூட்டன் வேண்டும். 94.3 மி.மீ. விட்டமுள்ள டயரில் இது எல்லாச் சக்கரத்துக்கும் சேர்த்து 49 நியூட்டன்-செ.மீ. மோட்டாரைச் சூடாக்காமல் ஓட்ட, தடைபடும் விசையில் மூன்றில் ஒரு பங்கைத்தான் நம்ப வேண்டும். இரண்டு எக்ஸ்எல்லுக்கு சுமார் 27. கியர் உராய்வில் பாதி போய்விடும் என்று வைத்தால் தேவைப்படும் விகிதம் சுமார் 4:1. போர்ட்டல் ஹப்பின் 3:1-ஐயும் 12-20 பல் ஜோடியின் 1.67-ஐயும் பெருக்கினால் 5:1. கொஞ்சம் கையிருப்போடு சரியாக வருகிறது. சுமையில்லாத எக்ஸ்எல் நிமிடத்துக்கு 220 சுற்று என்பதால் வண்டி நிமிடத்துக்கு 13 மீட்டர் போகும். கல் ஏற அதற்கு மேல் வேகம் தேவையே இல்லை.

வார்ம் கியர் (திருகு வடிவக் கியர்) போட்டு ஒரே அடியில் குறைத்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். உராய்விலேயே விசையில் பெரும்பகுதி போய்விடும். அச்சின் வழியே தள்ளும் விசையில் சட்டமும் பிரிந்துவிடும்.

மேட்டில் பின்னுக்கு மல்லாந்து விழுகிறது

பலகை ஒன்றில் வண்டியை மேல்நோக்கி நிறுத்தி, பின் சக்கரங்களுக்குப் பின்னால் ஒரு கட்டை வைத்து, பலகையை மெதுவாகத் தூக்குங்கள். முன் சக்கரம் எந்தக் கோணத்தில் எழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 25 ஸ்டட், அதாவது 20 செ.மீ. சக்கர இடைவெளியுள்ள வண்டியில் எடையின் மையம் நட்டநடுவில், 12 செ.மீ. உயரத்தில் இருந்தால் சுமார் 40 டிகிரியில் விழும். அதே மையத்தை 2 செ.மீ. முன்னுக்கும் 3 செ.மீ. கீழுக்கும் கொண்டுவந்தால் 53 டிகிரி வரை தாங்கும். பேட்டரிப் பெட்டியே வண்டியில் கனமான துண்டு. ஆறு ஏஏ அல்கலைன் செல் மட்டுமே சுமார் 140 கிராம். அதை இருக்கைக்குப் பின்னால் நிறுத்தி வைக்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, முன் அச்சுக்குச் சற்றுப் பின்னால், படுக்கை வாட்டில், எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக வையுங்கள். அழகுக்காக மேலே ஏற்றிய கூரைக் கேரியர், ஸ்டெப்னி டயர் எல்லாம் கோணத்தைத் தின்பவை.

வேகம் கொடுத்ததும் உடல் ஒரு பக்கம் சாய்கிறது

ஷாஃப்ட் ஒரு திசையில் சுழற்றும்போது அதன் எதிர்விசை சேஸிஸை மறுதிசையில் திருப்பும். ஸ்பிரிங் மென்மையாக இருந்தால் ஒரு மூலை அமுங்கி, எதிர்மூலைச் சக்கரம் தூக்கிக்கொள்ளும். இங்கும் குறைப்பை ஹப்புக்கு மாற்றினால் ஷாஃப்ட்டின் விசை மூன்றில் ஒரு பங்காகும், சாய்வும் அப்படியே குறையும். மோட்டாரையே அச்சின் மேல் ஏற்றினால் சாய்வு முற்றிலும் நிற்கும், ஆனால் அச்சு கனமாகும். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றுவதென்றால் சாம்பல் நிறத்துக்குப் பதில் கடினமான மஞ்சளைப் போடுங்கள். சக்கரங்கள் கல்லின் மேடுபள்ளத்துக்கு வளைந்து கொடுப்பது குறையும் என்பதை ஏற்றுக்கொண்டு.

ஸ்டீயரிங் நடுவுக்குத் திரும்பவில்லை

சர்வோ மோட்டாரை (ஸ்டீயரிங்கைத் திருப்பும் மோட்டார்) பொருத்தும் முன் அதற்கு மின்சாரம் கொடுங்கள். அது தானாக நடுவுக்கு வரும். அதன் பிறகே சக்கரங்களை நேராகப் பிடித்துக்கொண்டு கியரைக் கோர்க்க வேண்டும். வரிசை மாறினால் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் திரும்பும். சக்கரத்தைக் கையால் ஆட்டினால் தாராளமாக ஆடுகிறது என்றால் ஆட்டம் கம்பிகளிலும் கியர் இடைவெளியிலும் இருக்கிறது, சர்வோவில் இல்லை.

ரிமோட்டும் முக்கியம். பவர் ஃபங்ஷன்ஸ் சர்வோ ஒவ்வொரு பக்கமும் ஏழு படிகளில் திரும்பக்கூடியது. ஆனால் நெம்புகோல் உள்ள சாதாரண ரிமோட்டில் ஒரேயடியாகக் கோடிக்குப் போகும், விட்டால் நடுவுக்கு வரும். படிப்படியாகத் திருப்ப, வட்டுத் திருகு உள்ள வேகக் கட்டுப்பாட்டு ரிமோட் தேவை.

42099 போன்ற புளூடூத் வண்டியில் ஸ்டீயரிங்கை எல் மோட்டார் திருப்புகிறது. செயலி முதலில் இரு கோடிக்கும் திருப்பி, முட்டும் இடங்களை வைத்து நடுவைக் கணக்கிடும். உங்கள் சொந்த வடிவமைப்பில் இருபுறமும் உறுதியான, சமதூரத்தில் உள்ள தடுப்பு இல்லை என்றால் அந்தக் கணக்கு தவறிப்போகும். தொடங்கும்போது வண்டியைத் தரையிலிருந்து தூக்கிப் பிடியுங்கள். டயரின் உராய்வைக் கோடி என்று எண்ணி அது ஏமாறக்கூடும்.

வெயிலில் ரிமோட் கேட்கவில்லை

அகச்சிவப்பு ரிசீவரை நேர்வெயில் குருடாக்கிவிடும். அதன் குமிழ் மேல்நோக்கித் திறந்திருக்க வேண்டும். அதே சமயம் பக்கத்து பீம்களின் நிழல் விழுந்தால் நல்லது. நிழலான இடத்திலும் கேட்காவிட்டால், ரிமோட்டிலும் ரிசீவரிலும் நான்கு சேனல்களில் ஒரே எண்ணா என்று பாருங்கள். திறந்த வெளியில் அடிக்கடி ஓட்டுபவர்களுக்குப் புளூடூத் ஹப் ஒன்றே நிம்மதி.

டயர் வழுக்குகிறது

புது டயரின் மேல் பளபளப்பான மெல்லிய படலம் இருக்கும். பாத்திரம் தேய்க்கும் சோப்பும் பழைய பல்துலக்கும் பிரஷும் கொண்டு கழுவிக் காயவையுங்கள். அதன் பிறகும் வழுக்கினால் ரப்பரே கடினமானது. 56 மி.மீ. லெகோ ரிம்மில் ரேடியோ கன்ட்ரோல் கார்களுக்கான 1.9 அங்குல மென்டயர் ஏறும். பிடிமானம் கூடக்கூட வழுக்கித் தப்பித்த விசையெல்லாம் இப்போது ஜாயின்ட்டுகளில் இறங்கும் என்பதால், டயரை மாற்றும் அன்றே ஹப் குறைப்பையும் சரிபார்த்துவிடுங்கள்.

மணலில் ஓட்டிவிட்டு வந்தால் கியர்களை உலர்ந்த பிரஷால் துடையுங்கள். சமையல் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே எதுவும் வேண்டாம். மணல் அதில் ஒட்டி உப்புத்தாள் போல் பல்லைத் தின்னும்; பெட்ரோலிய எண்ணெய் பட்ட பீம்கள் அழுத்தம் வரும் இடங்களில் விரிசல் விடும். சத்தம் தொல்லையாக இருந்தால் அச்சு பீமைத் துளைத்துச் செல்லும் இடத்தில் மட்டும் சிலிக்கோன் கிரீஸை ஊசிமுனை அளவு வையுங்கள்.